வீட்டில் பிரசவம்: எந்த மருத்துவச்சியை அழைப்பது?

பிரசவம் இயற்கையான நிகழ்ச்சி என்பதும், பெரும்பாலான தாய்மார் யாதொரு தீங்குமின்றிக் குழந்தை பெறுகின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும், கர்ப்பிணிகளுள் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் நேரக்கூடும் என்று நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். அது யாருக்கு நேரும் என்பதை முன்னதாகவே உறுதியாகக் கூற எவராலும் இயலாது. ஆகவே, அவ்வேளையில் தாயின் அருகில் இருக்கவேண்டியவர் யார் என்ற வினா, இரண்டு உயிர்களைப் பொறுத்த வினாவாகும்.

நம் நாட்டில் மருத்துவ நிலையங்களில் நடைபெறும் பிரசவங்கள் 2005–06-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 38.7 ஆக இருந்தன. 2019–21-ஆம் ஆண்டுகளில் அவை 88.6 ஆக உயர்ந்தன. எனினும், அதே ஆண்டுகளில் மேகாலயத்தில் இத்தொகை 58.1 ஆகவும், நாகாலாந்தில் 45.7 ஆகவுமே இருந்தது. மலைப்பாதைகளும், மழைக்கால வெள்ளமும், நெடுந்தொலைவும் பல குடும்பங்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. மருத்துவ நிலையத்திற்குச் செல்வதே சிறந்தது என்பது அரசாங்கத்தின் ஆலோசனை. ஆயினும், வீட்டில்தான் பிரசவம் நிகழும் என்ற நிலையில் உள்ளவர்கள் யாரை அழைப்பது என்பதைத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

பெயர் ஒன்று, பயிற்சி வேறு

மருத்துவச்சி என்று மக்கள் வழங்கும் ஒரே சொல், வெவ்வேறு பயிற்சியுடைய பலரைக் குறிக்கின்றது. முதலாவதாக, பரம்பரையாக இத்தொழிலைச் செய்துவரும் கிராம மருத்துவச்சி. வடநாட்டில் இவரைத் தாயி என்பர். இரண்டாவதாக, துணைச் சுகாதார நிலையத்தில் பணிபுரியும் துணை நர்ஸ்-மருத்துவச்சி. சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 மக்களுக்கும் ஒரு நிலையம் என்பது விதி. மூன்றாவதாக, மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் பயின்று, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ்-மருத்துவச்சி. இவர்களுள் சிலருக்கு மேலும் 18 மாதப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2018-இல் வகுத்தது. ஆனால் அவர்களுடைய பணி பெரும்பாலும் மருத்துவமனைகளைச் சார்ந்ததேயாகும்.

ஆஷா ஊழியரைப் பலர் மருத்துவச்சி என்றே எண்ணிவிடுகின்றனர். கர்ப்பிணியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும், பிரசவத்திற்குப்பின் வீட்டிற்கு வந்து தாயையும் சிசுவையும் பார்ப்பதும் அவருடைய கடமைகள். பிரசவம் பார்ப்பது அவருக்கு இடப்பட்ட பணியன்று.

பழைய அனுபவம் போதுமா?

1903-இல் கர்ஸன் பிரபுவின் மனைவியார் தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி, தாயிகளுக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது. 1946-இல் போர் கமிட்டி அறிக்கை வெளிவந்தபோது, 60,000 மக்களுக்கு ஒரு மருத்துவச்சி என்ற நிலையே இருந்தது. அந்நாளில் தாயியை விட்டால் வேறு கதியில்லை. அவரிடம் பொறுமை உண்டு. தாய்க்குத் தைரியம் ஊட்டும் இன்சொல் உண்டு. எத்தனையோ சுகப்பிரசவங்களைக் கண்ட கைப்பழக்கமும் உண்டு. ஆனால், சிக்கல் நேரும்போது வேண்டிய மருந்தும் கருவியும் அவரிடம் இல்லை. இக்குறை பிரசவத்திற்குப்பின் நேரும் ரத்தப்போக்கில் தெளிவாக வெளிப்படும்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் செல்கின்றது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்தவுடன், கருப்பைத் தசைகள் இறுகிச் சுருங்கி ரத்தக் குழாய்களை அழுத்தி மூடுகின்றன. அவை இறுகாவிடில், ரத்தப்போக்கு தொடங்கிய ஓரிரு மணி நேரத்திற்குள்ளேயே தாய் உயிரிழக்க நேரிடலாம். ரத்தசோகையுள்ள தாய், குறைந்த இழப்பையும் தாங்கமாட்டாள். 2019–21-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52.2 பேருக்கு ரத்தசோகை இருந்ததாகக் கணக்கிடப்பட்டது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இவ்வபாயத்தைப் பெரிதும் குறைக்கும் வழி எளிதானது. குழந்தை பிறந்ததும், கருப்பையில் மற்றொரு குழந்தை இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியைத் தாய்க்குப் போடவேண்டும். இம்மருந்தைக் குளிர்ச்சியில் வைத்துக் காக்கவேண்டும். அவ்வசதியில்லாத இடங்களில் மிஸோப்ரோஸ்டால் மாத்திரைகள் 600 மைக்ரோகிராம் அளவில் கொடுக்கப்படுகின்றன. பயிற்சி பெற்ற துணை நர்ஸும், பதிவு பெற்ற நர்ஸ்-மருத்துவச்சியும் இதனைச் செய்ய வல்லவர்கள்.

கேட்கவேண்டிய வினாக்கள்

உடையையும் பட்டத்தையும் மட்டும் கண்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. துணை நர்ஸ்களுள்ளும், தடுப்பூசிப் பணியிலேயே காலங்கழித்து, பிரசவம் பார்த்து நெடுநாளானவர்கள் உண்டு. ஆதலின், குடும்பத்தினர் கூச்சமின்றிச் சில வினாக்களைக் கேட்கவேண்டும். பிரசவத்திற்கென்று தனிப் பயிற்சி பெற்றவரா? கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவரா? அண்மையில் எத்தனை பிரசவங்கள் பார்த்தார்? கர்ப்ப காலத்திலேயே வந்து ரத்த அழுத்தம், ரத்தசோகை, சிறுநீர், கருவின் கிடக்கை ஆகியவற்றைப் பரிசோதித்தாரா?

அவருடைய பையில் உள்ளவற்றையும் கேட்டறியலாம். ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து, ரத்த அழுத்தக் கருவி, கையுறைகள், தொப்புள்கொடியை அறுக்கப் புதிய பிளேடு, அதைக் கட்டச் சுத்தமான நூல் அல்லது கவ்வி ஆகியவை இருத்தல் வேண்டும். மூச்சுவிடாத சிசுவிற்கு முதல் நிமிடத்திலேயே உதவும் பொருட்டு, முகமூடியுடன் கூடிய காற்றுப் பையும் வேண்டும்.

அவர் செய்யாமல் விடுபவையும் கவனிக்கத்தக்கன. பிரசவத்தை விரைவுபடுத்த வீட்டில் ஊசி போடுபவர், வயிற்றை அழுத்துபவர், நஞ்சை வலிந்து இழுப்பவர், தொப்புள்கொடியில் சாணமோ சாம்பலோ பூசுபவர் ஆகியோரை அழைத்தல் கூடாது. எந்தெந்த அறிகுறி கண்டால் மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள் என்ற வினாவிற்குத் தயங்காமல் விடை கூறுபவரே நம்பத்தக்கவர். எதையும் நானே பார்த்துக்கொள்வேன் என்பவரை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவது அபாயகரமானது.

எவரை அழைத்தும் போதாத நிலைகள்

முன்பு அறுவைச் சிகிச்சையால் குழந்தை பெற்றவர், இரட்டைக் கருவுடையவர், கரு குறுக்காகவோ தலை மேலாகவோ கிடப்பவர், மிகுந்த ரத்த அழுத்தமோ கடும் ரத்தசோகையோ உடையவர், முன் பிரசவத்தில் ரத்தப்போக்குக் கண்டவர் ஆகியோர் எத்துணைத் திறமையான மருத்துவச்சி கிடைத்தாலும் வீட்டில் பிரசவித்தல் தகாது. வழி நெடிதாயின், இவர்கள் நாள் நெருங்குமுன்னரே மருத்துவமனைக்கு அருகில் சென்று தங்கவேண்டும். 2011-இல் தொடங்கிய திட்டத்தின்படி, அரசாங்க மருத்துவமனைகளில் பிரசவமும், வேண்டின் அறுவைச் சிகிச்சையும், வாகன வசதியும் இலவசமாகவே அளிக்கப்படுகின்றன.

ஏனையோரும் எட்டாம் மாதத்திற்குள் மருத்துவச்சியைத் தேர்ந்து, அவரோடு பேசி, எந்த வாகனத்தில் எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். கிராமத்துத் தாயியை ஒதுக்கவேண்டியதில்லை. வலி கண்ட தாயின் கையைப் பற்றி ஆறுதல் கூறவும், அவளுடைய மொழியில் பேசவும், மகப்பேற்றுக்குப்பின் அவளைப் பேணவும் அவரைப் போன்றவர் வேறிலர். அவரும் அருகிலிருக்கட்டும், மருந்தும் கருவியும் பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும். வலி தொடங்கிய இரவில் விளக்கேந்தி ஆளைத் தேடும் நிலை எக்குடும்பத்திற்கும் வரலாகாது.