மிதிவண்டியில் கோவளத்து அன்னையிடம்

ஆகஸ்டு மாதம் நெருங்கியதும் நம் பங்குகளில் இளைஞர் சிலர் குருவானவரின் இல்லத்துக்கு வருவது வழக்கம். "சாமி, வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போகிறோம், ஆசீர்வதியுங்கள்" என்பார்கள். அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு. வெயிலும், இரவுப் பயணமும், விரைந்து வரும் லாரிகளும் ஆண்டுதோறும் தாய்மாரின் நெஞ்சைப் பதறச் செய்கின்றன. நீண்ட பயணத்தை நாம் தடுக்க விரும்பவில்லை. அதற்குமுன் ஒரே நாளில் குடும்பத்தோடு சென்று திரும்பத்தக்க சிறு பயணமொன்றைத் திட்டமிட்டுப் பழகவேண்டும் என்பதே நம் கருத்து.

மிதிவண்டிக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு புதியதன்று. இத்தாலி நாட்டில் கோமோ ஏரியருகே குன்றின்மீது அமைந்துள்ள கிசல்லோ அன்னையை, 1949இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதைக் கண்டு ஊக்கமுற்ற யோசேப் மாசி என்னும் பிரெஞ்சுக் குருவானவர், தம் நாட்டின் தென்மேற்கே லபஸ்தீத் தார்மாஞாக் என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த பழஞ்சிற்றாலயத்தை அதே கருத்துக்கு அர்ப்பணிக்க முன்வந்தார். 1959இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அதற்கு இசைவளித்தார்.

அந்நாட்டு மக்களுக்கு மிதிவண்டிச் சுற்றுலாவைக் கற்பித்த பெரியவர் போல் தெ விவி (1853-1930). 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிய அவர் வகுத்த விதிகள் எளியவை. பசிக்குமுன் உண், தாகமெடுக்குமுன் பருகு, வீண்பெருமைக்காக மிதிக்காதே என்பன அவற்றுட் சில. இறுதி விதி ஞானத் தியானத்துக்கும் ஏற்றதன்றோ?

இனி நம் ஊர்ப்பாதையைக் காண்போம். இராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரையை அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பி, முட்டுக்காட்டைக் கடந்தால் கோவளம். திரும்பும்போது கேளம்பாக்கம், புதுப்பாக்கம், மாம்பாக்கம், பொன்மார், சித்தாலப்பாக்கம் வழியாக மேடவாக்கத்தை அடைந்து வீடு சேரலாம். ஆக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். வண்டலூர் வழியாகவும் வரலாம். ஆனால் அங்கே ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் பிள்ளைகளை அழைத்து வருவது உகந்ததன்று.

வந்த வழியே திரும்பாமல் வட்டமாகச் செல்வதில் நன்மை உண்டு. தை மாதக் காலையில் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். தெற்கே செல்லும்போது அது முதுகைத் தள்ளும். நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று, மேற்கே மாம்பாக்கம் நோக்கித் திரும்புவோர்க்குத் துணையாகும். மேலும், தெற்கே செல்வோர் சாலையின் இடப்பக்கத்திலேயே கோவளத்துக்குத் திரும்பலாம். வேகமாக வரும் கார்களைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. மாம்பாக்கத்திலிருந்து வடக்கே வரும் கடைசிப் பகுதிதான் கடினம். ஆதலின் அங்கே சற்று நீண்ட இளைப்பாறல் வேண்டும்.

தை, மாசி மாதங்களின் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்துகொள்வது நலம். மழை ஓய்ந்திருக்கும், கடும் வெயில் தொடங்கியிராது, ஞாயிறு திருப்பலிக்கும் இடையூறில்லை. காணும் பொங்கலை ஒட்டிய நாட்களில் கடற்கரைச் சாலை பக்கம் செல்லவே வேண்டாம். காலை 5.30 மணிக்குப் புறப்பட்டு மணிக்கு 12 கிலோமீட்டர் வீதம் மிதித்தால், இடையிடையே நின்று சென்றாலும் 9 மணிக்குள் கோவளம் சேரலாம். 10 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் ஒன்றரைக்குள் வீட்டில் உணவருந்தலாம். விடியுமுன் புறப்படுவதால் முன்விளக்கும், பின்புறம் சிவப்பு விளக்கும் இன்றியமையாதவை.

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. 11ஆம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டி பல வீடுகளில் மாடிப்படியின் கீழ் தூசி படிந்து கிடக்கிறது. அதன் பிரேக் கட்டைகளை மாற்றி, செயினுக்கு எண்ணெயிட்டு, டயர்களில் போதிய காற்றடித்தால் போதும். மிதிகட்டை அடியில் இருக்கையில் கால் ஏறக்குறைய நீளுமாறு இருக்கையை உயர்த்திவைத்தால் முழங்கால் வலிக்காது. குழுவுக்கு ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் வேண்டும். தண்ணீருடன் உப்பிட்ட மோரும், வாழைப்பழமும், கடலை மிட்டாயும் கொண்டுசெல்க.

சோழிங்கநல்லூரில் பழைய மகாபலிபுரம் சாலையையும், கோவளத்தில் கடற்கரைச் சாலையையும் கடக்கும்போது அனைவரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்லவேண்டும். இதில் வெட்கமில்லை. சாலையில் இருவர் இணையாகச் செல்லலாகாது. தலைக்கவசம் யாவர்க்கும் வேண்டும்.

கோவளத்தை அடைந்தோர் கடற்கரையோடு திரும்பிவிடல் ஆகாது. அவ்வூர் பழைமையானது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அங்குள்ள கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். கோட்டை மறைந்தது, ஆனால் ஜான் டி மாண்டி என்னும் வணிகர் 1808இல் எழுப்பிய கார்மேல் அன்னையின் ஆலயம் இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. போரிட்டோரின் மதில்கள் போயின. மீனவ மக்கள் மன்றாடும் அன்னையின் இல்லம் நிலைத்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஜெபமாலையின் ஒரு பத்துமணியேனும் அங்கே சேர்ந்து சொல்லுங்கள்.

திட்டத்தில் எல்லாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. குழுவின் வேகத்தை யார் தீர்மானிப்பது? வலிமைமிக்க இளைஞனா? அல்லவே அல்ல. எல்லாரினும் மெதுவாக மிதிக்கும் சிறுமியோ, முழங்கால் வலியுள்ள தந்தையோ எவரோ, அவருடைய வேகமே அனைவரின் வேகமாகும். வழியறிந்த பெரியவர் ஒருவர் முன்னே செல்க. வலிமையும் பொறுமையும் உள்ள இளைஞன் கடைசியில் வருக. அவனை எவரும் பின்னுக்குத் தள்ளலாகாது. பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் உடனே புறப்படாமல், அவரும் இளைப்பாறக் காத்திருக்கவேண்டும். முன்னே வந்தோர்க்குப் பத்து நிமிட ஓய்வும், தளர்ந்து வந்தவர்க்கு ஓய்வே இன்மையும் நீதியாகுமா?

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுங்கள். யெருசலேமிலிருந்து திரும்புகையில், பிள்ளை உறவினரோடு வருகிறார் என்றெண்ணி மரியாளும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்தனர். பின்னர் துயரத்தோடு தேடினர். திருக்குடும்பத்துக்கே நேர்ந்ததாயின், நெரிசல்மிக்க நம் சாலைகளில் நாம் எத்துணைக் கவனமாயிருத்தல் வேண்டும்! எவரேனும் தளர்ந்துவிட்டால் கேளம்பாக்கத்திலிருந்து வாகனம் அமர்த்தி அனுப்புவதற்குப் பணத்தையும் முன்னரே ஒதுக்கி வைப்பது நன்று.

இவ்வாறு ஒருமுறை சென்று திரும்பிய இளைஞன், பிறருக்காக வேகத்தைக் குறைக்கக் கற்றிருப்பான். அவன் பின்னாளில் வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது அவன் தாய் சற்று நிம்மதியாக உறங்குவாள். இல்லறமும் பங்கு வாழ்வும்கூட இத்தகைய பயணமே. முதலில் சென்றடைந்தவர் யார் என்று ஆண்டவர் கேட்பதில்லை. உன்னோடு புறப்பட்டவர் எல்லாரும் வந்து சேர்ந்தனரா என்றே கேட்பார். கார்மேல் அன்னை நம் வழித்துணையாய் இருப்பாராக.