ஒரு கரண்டி மாவும் 180 கோடி நட்சத்திரங்களும்

தோசைக்கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றுங்கள். சின்னதாகத் தேய்த்தால் கனமான தோசை. அதே மாவை இரண்டு மடங்கு அகலத்துக்கு இழுத்தால் மெல்லிய தோசை. எவ்வளவு மெல்லியது? பாதிக் கனம் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் கால்வாசி. அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. மூன்று மடங்கு இழுத்தால் கனம் ஒன்பதில் ஒரு பங்கு.

நட்சத்திரத்தின் ஒளியும் இப்படித்தான் வெளியெங்கும் இழுபட்டு வருகிறது. நட்சத்திரம் கொட்டும் மொத்த ஒளிதான் கரண்டி மாவு. அது நம்மிடம் வந்து சேர்வதற்குள் விரிந்த தூரம், தோசையின் அகலம். நம் கண்ணில் படும் பிரகாசம், தோசையின் கனம். கனத்தை அளப்பது எளிது. தொலைநோக்கியும் ஒளியுணரியும் போதும். ஆனால் அகலம் தெரியாமல் மாவு எவ்வளவு என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

மார்கழி, தை மாத இரவில் இதை நேரிலேயே பார்க்கலாம். வானிலேயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அதற்குச் சற்றுத் தள்ளி ஓரியன் மண்டலத்தில் ரிகல். கண்ணுக்கு சிரியஸ்தான் நான்கு மடங்கு பிரகாசம். ஆனால் சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ரிகல் ஏறக்குறைய 860 ஒளியாண்டு. நூறு மடங்கு தூரம் என்றால் ஒளி பத்தாயிரம் மடங்கு மெலிந்திருக்க வேண்டும். அப்படி மெலிந்தும் இவ்வளவு தெரிகிறது என்றால், ரிகல் சிரியஸைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் ஒளி கொட்டுகிறது. தொலைவு தெரியாத பிரகாசம் நம்மை அந்த அளவுக்கு ஏமாற்றும்.

(பிரகாசத்தை எண்ணால் குறிக்கும் இன்றைய கணக்கு, ஐந்து படி குறைந்தால் நூறு மடங்கு மங்கல் என்பது. 1856-இல் இதை முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தை நடத்தியவர்.)

சரி, தூரத்தை எப்படி அளப்பது? அடுப்படியில் நின்று கரண்டியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. பின்னால் அலமாரியில் இருக்கும் டப்பாக்களின் எதிரே கரண்டி இங்கும் அங்கும் தாவும். கையை மடக்கிக் கரண்டியைக் கிட்டே கொண்டுவந்தால் தாவல் பெரிது; தள்ளிப் பிடித்தால் சிறிது. தாவலை அளந்தால் தூரம் கிடைக்கும். இதுதான் இடமாறு தோற்றம். நட்சத்திரத்துக்கு நம் இரு கண்களின் இடைவெளி போதாது. அதனால் ஜனவரியில் ஒரு முறை, பூமி சூரியனுக்கு மறுபக்கம் போன பிறகு ஜூலையில் ஒரு முறை பார்க்கிறார்கள். இரண்டு ‘கண்’களுக்கும் நடுவே 30 கோடி கிலோமீட்டர்.

அப்படியும் தாவல் மிகச் சிறியது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு விகலை. 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் முதன்முதலில் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை நம்பும்படி அளந்து வெளியிட்டார். அந்த 61 சிக்னி நட்சத்திரம் காட்டிய இடமாற்றம் விகலையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பதினொரு ஒளியாண்டுதான் தூரம், பக்கத்து வீடு. அதற்கே இந்தப் பாடு.

காரணம், நம் காற்று. இட்லிப் பானையின் ஆவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டப்பாவின் எழுத்தைப் படித்துப் பாருங்கள், எழுத்து நடுங்கும். பூமியிலிருந்து பார்க்கிற எல்லா நட்சத்திரமும் அந்த ஆவிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆகவே ஆவியைத் தாண்டிப் போனார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 1989-இல் அனுப்பிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் 1,18,000 நட்சத்திரங்களை அளந்தது. அதன் வாரிசான கையா 2013 டிசம்பர் 19 அன்று கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, 180 கோடி நட்சத்திரங்களைப் பட்டியலிட்டது. பிரகாசமான நட்சத்திரங்களில் அதன் பிழை விகலையில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. பூமியைத் துளைத்து அந்தப் பக்கம் ஒரு கடுகை வைத்து, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியும் அளவு அது.

கையாவின் உள்ளமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, அதில் இரண்டு தொலைநோக்கிகள் 106.5 பாகை விலகி வெவ்வேறு திசையைப் பார்ப்பதுதான். ஒன்று ஏன் போதாது? கரண்டி சோதனையில் பின்னால் இருக்கும் டப்பாக்கள் அசையாது என்று எடுத்துக்கொண்டோம். வானத்தில் பின்னணி நட்சத்திரங்களும் கொஞ்சம் தாவுகின்றன. ஒரே திசையில் இருப்பவை எல்லாம் ஒரே பக்கம் தாவுவதால், உண்மையான தாவல் எவ்வளவு என்பது மறைந்துவிடும். வேறு திசையில் இருக்கும் நட்சத்திரங்களோ அதே நாளில் வேறு விதமாக நகரும். இரண்டு திசைகளையும் ஒரே உணரித் தட்டில் விழச்செய்து ஒப்பிட்டால் உண்மை பிடிபடும். ஆட்டுக்கல் குழவிபோல நின்ற இடத்திலேயே ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றியபடி கையா வானம் முழுவதையும் இப்படித் திரும்பத் திரும்ப வாரியது.

இன்னொரு சிக்கல், நட்சத்திரம் சும்மா நிற்பதில்லை. தானும் ஒரு திசையில் ஓடுகிறது. ஜாங்கிரி பிழிகிற கை சுழன்றுகொண்டே மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தால் எண்ணெயில் எப்படிச் சுருள் விழும்? நட்சத்திரம் வானத்தில் வரைவது அப்படிப்பட்ட கோடு. சுருளின் அகலம் தூரத்தைச் சொல்லும். சுருள் எவ்வளவு தள்ளிப் போயிற்று என்பது ஓட்டத்தைச் சொல்லும். இரண்டையும் பிரிக்க இரண்டு பார்வை போதாது. ஐந்தாண்டில் சராசரியாக எழுபது முறை பார்க்கும்படி திட்டமிட்டது அதற்காகத்தான்.

தராசையும் சரிபார்க்க வேண்டும். மளிகை நிறுக்குமுன் வெறும் தட்டு பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்போம் அல்லவா? கையாவுக்கு வெறும் தட்டு, குவேசார்கள் என்னும் தொலைதூர வான்பொருள்கள். நூறு கோடி ஒளியாண்டுக் கணக்கில் தள்ளியிருப்பதால் அவற்றின் தாவல் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். 2020-இல் வெளிவந்த பட்டியலில் அவை மைனஸ் 0.017 மில்லிவிகலை காட்டின. அந்தக் குறையைச் சேர்த்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்த நேர்மைக்காகவே இந்த அளவீட்டை நம்பலாம்.

மாவின் அளவு கிடைத்துவிட்டது. அடுத்தது சூடு. அடுப்புக்கரி மங்கலாகக் கனியும்போது சிவப்பு. ஊதினால் ஆரஞ்சு, மஞ்சள். நட்சத்திரமும் சூடு ஏற ஏறச் சிவப்பிலிருந்து வெள்ளைக்கும் நீலத்துக்கும் போகும். (எரிவாயு அடுப்பின் நீலம் வேறு கதை, அது வாயு எரியும் வேதிவினையின் நிறம்.) கையா ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் தனித்தனியே அளந்தது. சூடு தெரிந்தால் ஒரு சதுர மீட்டர் எவ்வளவு ஒளி விடும் என்று தெரியும். மொத்த ஒளியை அதனால் வகுத்தால் நட்சத்திரத்தின் பருமனே வந்துவிடும். சிரியஸின் துணை நட்சத்திரம் அப்படித்தான் மாட்டியது: கொதிக்கும் சூடு, ஆனால் மொத்த ஒளி அற்பம். ஆகவே அதன் உருவம் பூமியளவுதான், எடையோ சூரியனளவு. எரிபொருள் தீர்ந்துபோன இத்தகைய வெள்ளைக் குள்ளன்களுக்கு எடை உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர்.

கையாவின் தூரங்கள் வந்தபின் இந்தக் குள்ளன்களிடமே ஒரு புதுமை தெரிந்தது. உருக்கிய நெய் ஆறும்போது, உறையத் தொடங்கிய நேரத்தில் சூடு இறங்குவது தாமதிக்கும். உறைதலே வெப்பத்தை வெளிவிடும். குள்ளனின் நடுவில் இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் அப்படி உறைந்து படிகமாகும் என்று 1968-இல் வானியலாளர் வான் ஹார்ன் சொன்னார். அது உண்மையானால், ஆறும் வழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் குள்ளன்கள் தாமதித்துக் குவிய வேண்டும். சுமார் 300 ஒளியாண்டுக்குள் இருக்கும் 15,000 குள்ளன்களை வைத்து வானியலாளர் ட்ரெம்ப்ளேயின் குழு 2019-இல் அந்தக் குவியலைக் காட்டியது.

தூரத்தில் சிறு பிழை எவ்வளவு கெடுக்கும் என்பதற்குக் கார்த்திகைக் கூட்டமே சாட்சி. ஹிப்பார்கஸ் அதற்குச் சொன்ன தூரம் சுமார் 390 ஒளியாண்டு. மற்ற முறைகள் 435-க்கு மேல் என்றன. அகலம் பத்துச் சதவீதம் தவறினால் மாவு இருபது சதவீதம் தவறும். 390 சரி என்றால் அந்த நட்சத்திரங்கள் தம் இனத்தாரைவிட மங்கலாக இருக்க வேண்டும். நட்சத்திரம் எப்படி எரிகிறது என்ற கோட்பாட்டையே திருத்த வேண்டிவரும். இருபதாண்டு வழக்கு அது. கையா சுமார் 440 என்று அளந்து முடித்தது.

கையா 2025 ஜனவரி 15 அன்று அளப்பதை நிறுத்தியது. அதன் அடுத்த பட்டியலை 2026 டிசம்பரில் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். இதுவரை வந்தவை எல்லாம் இணையத்தில் யாருக்கும் இலவசம். இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கார்த்திகைக் கூட்டத்து நட்சத்திரங்களின் நிறம், பிரகாசம், தூரம் ஆகியவற்றை அதிலிருந்து எடுத்து, மாணவர்களை ஒரு வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கார்த்திகை மாத இரவில் அவர்களை வெளியே அழைத்துப்போய் அந்தக் கூட்டத்தைக் காட்டுங்கள்.