கொசு உள்ளான்

பறவை என்றதும் மயிலும் கிளியும் குயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடலோரச் சேற்றில் ஓடியாடி இரை தேடும் சின்னஞ்சிறு கொசு உள்ளானை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தோற்றம்: இதன் நீளம் சுமார் 14 செ.மீ. எடையோ ஏறக்குறைய 25 கிராம். அதாவது ஒரு சிட்டுக்குருவியின் எடை! முதுகு சாம்பல் கலந்த பழுப்பு நிறம், வயிறு வெண்மை, அலகும் கால்களும் கறுப்பு.

தாயகம்: ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களின் வடகோடியிலுள்ள மரங்களற்ற துந்திரப் பகுதியே இதன் பிறப்பிடம். அங்கே கோடையில் சூரியன் மறைவதில்லை, பூச்சிகளுக்கும் பஞ்சமில்லை. தரையில் சிறு பள்ளம் அமைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். சில வேளைகளில் பெண் பறவை இரண்டு கூடுகளில் முட்டையிடும். ஒன்றை ஆண் பறவை அடைகாக்க, மற்றொன்றைத் தானே அடைகாக்கும். குடும்பப் பொறுப்பை எவ்வளவு அழகாகப் பகிர்ந்து கொள்கின்றன, பாருங்கள்! பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் தாமே இரை தேடத் தொடங்கிவிடும்.

வலசை: குளிர்காலத்தில் துந்திரம் பனியால் மூடப்படும். அதற்கு முன்பே இவை பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வந்து சேரும். பெரிய பறவைகள் முதலில் புறப்பட, இளம் பறவைகள் பின்னர் வழிகாட்டியின்றியே வருகின்றன. என்னே விந்தை!

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை இவை விரும்பித் தங்கும் இடங்களுள் ஒன்று. 1967-ஆம் ஆண்டு சரணாலயமான இவ்விடம், 2002-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

உணவு: ஆழமற்ற நீரின் ஓரத்தில் விரைந்து ஓடி, புழு பூச்சிகளையும் சிறு இறால் வகைகளையும் தையல் ஊசிபோல் படபடவெனக் கொத்தித் தின்னும். ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இச்சேற்றிலிருந்தே சேமிக்கிறது. கால்கள் குட்டையானவை, ஆதலால் நீர் ஆழமானாலும் பட்டினி, சேறு முற்றும் காய்ந்தாலும் பட்டினி. இந்நிலம் நெகிழிக் குப்பையாலும் கழிவு நீராலும் கெட்டால், இரையும் அழியும். வயிறு நிரம்பாத பறவை துந்திரப் பகுதி வரை எவ்வாறு பறக்கும்?

தோழியரே! சதுப்பு நிலத்தை வெறும் சேறு என எண்ண வேண்டாம். நெடுந்தொலைவு பறந்து வரும் ஒரு விருந்தாளிக்கு அதுவே அன்னசாலை. வந்த விருந்தைப் பசியோடு அனுப்புவது தமிழர் பண்பன்று அல்லவா?