உளவியல் பட்டம் வேண்டுவன யாவை?



கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞர் பலர் இந்நாளில் உளவியல் பயில விழைகின்றனர். விருப்பம் நன்று. அப்பட்டம் எவற்றை வேண்டி நிற்கின்றது என்று முன்னரே அறிதல் அதனினும் நன்று.

நெடுங்காலம் தத்துவத்தின் கிளையாகவே கருதப்பட்ட உளவியல், 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் பேராசிரியர் சோதனைக்கூடம் நிறுவியபின் தனி அறிவியலாக வளர்ந்தது. நம் நாட்டில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறைகள் தோன்றின.

படிப்புக் காலம் மூன்றாண்டு, பருவங்கள் ஆறு. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பாடத்திட்டம் ஐந்து பகுதிகளை உடையது. முதலாவது, தமிழ் அல்லது பிறிதொரு மொழி. இரண்டாவது, ஆங்கிலம். மூன்றாவது, உளவியலும் அதன் துணைப்பாடங்களும். நான்காவது, சுற்றுச்சூழல் கல்வி, திறன் வளர்க்கும் பாடங்கள் முதலியன. ஐந்தாவது, நாட்டு நலப்பணி போன்ற தொண்டு. மாணவர் 'கிரெடிட்' என்று வழங்கும் தகுதிப்புள்ளிகள் பொதுவாக 140 பெறுதல் வேண்டும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 40 மதிப்பெண். வருகை நூற்றுக்கு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஒரு பகுதியின் மிகுதி மற்றொன்றின் குறையை நிரப்பாது. உளவியலில் முதல்வராய் நிற்பவரும் மொழித்தாளில் 'அரியர்' வைத்திருப்பின் பட்டம் பெறார்.

மூன்றாம் பகுதியே இப்படிப்பின் உயிர்நாடி. மூளையும் நரம்பும் இயங்கும் முறை, குழந்தையின் வளர்ச்சி, சமூகத்தில் மனிதன் நடந்துகொள்ளும் விதம், மனப்பிறழ்வுகள் ஆகியன இதில் அடங்கும். பலர் எதிர்பாராதது புள்ளியியல். ஒருவரிடம் கண்டதை ஊரார் அனைவர்க்கும் ஏற்றிச் சொல்லாதிருக்க அக்கணக்கு வேண்டும். செய்முறை வகுப்பில் நினைவாற்றலையும், ஒலி கேட்டவுடன் கை இயங்கும் விரைவையும் அளந்து, கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தல் வேண்டும்.

ஆசிரியப் பயிற்சியில் கல்வி உளவியலை ஒரு தாளாகவே நான் பயின்றேன். பின்தங்கிய மாணவனை மந்தன் என்று ஒதுக்காமல், அவனுக்குக் கண் தெரிகின்றதா, காது கேட்கின்றதா என்று முதலில் நோக்கும் பழக்கத்தை அச்சிற்றறிவே எனக்குத் தந்தது.

எனினும், பட்டத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். எங்கள் பெரியபட்டினத்திலிருந்து கரையோரமாக மேற்கே சென்றால், கீழக்கரைக்கு அப்பால் உள்ளது ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தீயில் சிக்கினர். 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுதலை அறவே விலக்கியுள்ளது. துன்புறும் உள்ளத்தைப் பயிற்சியற்றவர் கையில் ஒப்படைத்தல் எத்தகைய கேடு என்பதை எங்கள் கடற்கரை கண்ணீரோடு அறியும்.

ஆதலின், மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெற்றவர் மருத்துவ உளவியலராகப் பணிபுரிதல் ஆகாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற மேற்பயிற்சியும் பதிவும் வேண்டும். இளநிலைப் பட்டம் அந்நெடுவழியின் முதற்படி. அப்படியில் ஊன்றி நிற்க விரும்புவோர், தாம் சேரும் கல்லூரியின் பாடத்திட்டத்தை முதல் நாளிலேயே கேட்டு வாங்கிப் படியுங்கள். ஐந்து பகுதிகளையும் ஒருங்கே பேணுங்கள். பிறர் துயர் தீர்க்க விழைவோர்க்கு அவ்வுழைப்பு மிகையன்று.