கணக்கும் கைத்திறனும் - 11: வளைப்பதற்கு முன் ஒரு கணக்கு

சென்ற வாரம் மின்கம்பியின் தடிமனைப் பார்த்தோம். இந்த வாரம், அந்தக் கம்பி போகும் பாதை.

அமெரிக்காவின் பல ஊர்களில் வீட்டு வயரிங் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளை மரச்சட்டங்களுக்கு நடுவே ஓட்டிவிடுவார்கள். சிகாகோவில் அது செல்லாது. அங்கே வீடுகளில்கூட வயர் உலோகக் குழாய்க்குள் போக வேண்டும் என்பது நகரத்தின் விதி. ஆகவே சிகாகோவில் எலெக்ட்ரீஷியன் ஆக நினைப்பவர் குழாய் வளைக்கப் பழகியே தீரவேண்டும்.

அவர் கையில் எடுப்பது இ.எம்.டி. என்ற மெல்லிய எஃகுக் குழாய். ஒரு நீளம் 10 அடி. இதில் மரை வெட்டுவதில்லை. திருகு வைத்த கப்ளிங்கால் இணைக்கிறார்கள். வளைக்கும் கருவியான பெண்டருக்கு நீண்ட கைப்பிடி, அடியில் பிறைபோல் வளைந்த தலை, தலையில் பொறித்த அம்புக்குறி.

அரை அங்குலக் குழாய் 12 அங்குலம் செங்குத்தாக நிமிர்ந்து நிற்க வேண்டும். 12-ல் குறி போட்டு, அம்புக்குறியை அங்கே வைத்து வளைத்தால் 17 அங்குலம் நிற்கும். வளைவு தனக்கென்று 5 அங்குலம் எடுத்துக்கொள்வதே காரணம். எனவே குறி விழ வேண்டிய இடம் 7. முக்கால் அங்குலக் குழாய்க்குக் கழிக்க வேண்டியது 6, ஒரு அங்குலக் குழாய்க்கு 8.

அடுத்தது ஆஃப்செட். சுவரை ஒட்டி வரும் குழாயின் வழியில் 4 அங்குலம் துருத்திய உத்தரம் இருக்கிறது. 30 பாகை சாய்த்து ஏற்றி, மறுபடி 30 பாகை திருப்பி நேராக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடைவெளி 4-ன் இரு மடங்கு, 8 அங்குலம். சைன் 30 பாகை என்பது அரை. ஒன்றை அரையால் வகுத்தால் 2. பத்தாம் வகுப்பில் படித்த அதே முக்கோணவியல்தான். 45 பாகையானால் 1.4-ஆல் பெருக்க வேண்டும். சாய்ந்து ஏறுவதால் குழாயின் எட்டும் தூரமும் குறைகிறது. 30 பாகையில் ஒவ்வொரு அங்குல உயரத்துக்கும் கால் அங்குலம் என்று, இங்கே மொத்தம் ஓர் அங்குலம். முதல் குறியை அந்த அளவு முன்னே தள்ளிப் போட வேண்டும்.

கணக்கு சரியானாலும் கை தவறலாம். பலம் கைப்பிடியில் அல்ல, பெண்டரின் மீது வைத்த பாதத்தில் இருக்க வேண்டும். பாதம் அழுந்தாவிட்டால் குழாய் நசுங்கும். இரண்டாவது வளைவுக்கு முன் குழாய் இம்மி திரும்பினாலும் இரு வளைவுகளும் ஒரே தளத்தில் நிற்காது. சுவரில் வைத்தால் ஒரு முனை தூக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்கவே குழாயின் முதுகில் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை கவனமும் பார்வைக்காக மட்டுமல்ல. ஒவ்வொரு வளைவிலும் வயர் உள்சுவரில் உராய்ந்துதான் நகர்கிறது. வயரை இழுத்தெடுக்கும் இரு மின்பெட்டிகளுக்கு இடையே வளைவுகளின் கூட்டுத்தொகை 360 பாகையைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு வரம்பு கட்டியிருப்பது அதனால்தான். நம் நாட்டின் மத்தியப் பொதுப்பணித் துறையும் நான்கு கால்வட்ட வளைவுகளோடு நிறுத்தச் சொல்கிறது. அறுத்த முனையின் பிசிறை ரீமரால் வழிக்காவிட்டால், அதுவே வயரின் உறையைக் கீறும். பெட்டியிலிருந்து 3 அடிக்குள் ஒரு பிடிப்பு வேண்டும். பிறகு 10 அடிக்கு ஒன்று. பிடிப்பில்லாத குழாய் ஆடும், கப்ளிங் தளரும். கோளாறு நேரும்போது கசியும் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் பாதையாகவும் இந்தக் குழாயே பயன்படுகிறது. இணைப்பு விட்டால் பாதை அறும்; பியூஸ் போகாமல், பெட்டியின் இரும்பில் மின்சாரம் காத்திருக்கும். நேர்த்தி என்பது இங்கே உயிர்க்காப்பு.

நம் ஊரில் புதுவீடுகளின் சுவருக்குள் போவது பெரும்பாலும் பி.வி.சி. குழாய். அதற்கும் வயரின் உராய்வு உண்டு. உங்கள் வீட்டில் குழாய் பதிக்கும் நாளில், பூச்சுக்கு முன் ஒருமுறை சுற்றிவந்து இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள். நான்கைத் தாண்டினால் இடையில் இன்னொரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள். பூசிய பிறகு கேட்டால், சுவரை உடைக்கத்தான் வேண்டும்.

(தொடரும்)