மேலே வந்தபின் ஒரு மணி நேரம்

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் ப்ரூம் என்று ஓர் ஊர். நூறு ஆண்டுகளுக்கு முன் உலகச் சந்தைக்குப் போன சட்டைப் பித்தான் சிப்பியில் பெரும்பகுதி அங்கே கடலடியில் பொறுக்கியது. அந்த ஊரின் ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் 900-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் சிப்பி குளிக்க வந்தவர்கள். சிலரைப் புயல் கொண்டுபோனது. மற்றவர்களை, மேலே ஏறி வந்த வேகம் கொன்றது. 1914-ஆம் ஆண்டில் மட்டும் 33 பேர், டைவிங் ஆட்கள் ‘பெண்ட்ஸ்’ என்று சொல்கிற குமிழி நோயால் செத்தார்கள்.

அதே ஊரில் இன்றும் சிப்பி குளிக்கிறார்கள். மெல்ல நகரும் படகிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலடியை மேய்ந்தபடி போகிறார்கள். ஒரே நாளில் பல முறை இறங்குகிறார்கள். ஆனால் முடித்து ஏறும்போது 9 மீட்டர் ஆழத்தில் நின்று, படகிலிருந்து குழாய் வழியாக வரும் ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டுத்தான் மேலே வருகிறார்கள். நோய் வந்த பிறகு எடுக்கும் சிகிச்சை இல்லை இது. கை கழுவுவதுபோல, வேலையின் கடைசிப் பகுதி. பழைய கல்லறைகளுக்கும் இன்றைய நிலைமைக்கும் நடுவே பல காரணங்கள் உண்டு. நான் முதலில் வைப்பது இந்த ஆக்சிஜனை.

ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைவதும், சட்டென்று ஏறினால் குமிழியாவதும் எல்லோரும் கேட்ட கதை. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அதிகம் பேசப்படாதது, மேலே வந்த பிறகு நடப்பது. பத்துப் பாகத்தில், அதாவது சுமார் 18 மீட்டரில், வெகுநேரம் இருந்தவரின் உடம்பில் சாதாரண அளவைப்போல் மூன்று மடங்கு வரை நைட்ரஜன் ஏறியிருக்கும். படகில் உட்கார்ந்து அவர் இழுக்கும் காற்றிலும் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். உள்ளே இருப்பது வெளியேறப் பார்க்கும்போது வாசலில் அதே கூட்டம் நிற்கிறது. சுத்தமான ஆக்சிஜனைக் கொடுத்தால் நுரையீரலில் நைட்ரஜன் அநேகமாக இல்லாமல் போகும். வெளியேற்றும் விசை தொடக்கத்திலேயே ஒன்றரை மடங்கு. நேரம் போகப் போக இந்த வித்தியாசம் கூடும்.

குமிழிகள் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் மேலே வந்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அப்போது ஆள் நன்றாகத்தான் இருப்பார். பீடி பற்றவைப்பார், சங்கை எண்ணுவார். அந்த நேரத்தில்தான் ஆக்சிஜனுக்கு வேலை அதிகம். பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்குநர்களை அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது, மேலே வந்ததும் ஆக்சிஜன் சுவாசித்தவர்களின் ரத்தத்தில் குமிழிகள் விரைவாகக் குறைந்தன. விண்வெளியில் நடக்கப் போகிறவர்களும், காற்றழுத்தம் குறைந்த உடைக்குள் போகுமுன் இதே காரணத்துக்காக ஆக்சிஜன் சுவாசித்து நைட்ரஜனைக் கழிக்கிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1878-ல் பிரான்சின் பால் பேர், இந்த நோய்க்கு நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று சோதனையில் காட்டி, ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அழுத்தத்தில் ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று கண்டவரும் அவரே. அழுத்த அறைக்குள் ஆக்சிஜன் கொடுத்துக் குணப்படுத்தும் முறையை அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் எழுதிவைத்தது 1937-ல். நடுவில் ஏறக்குறைய அறுபது வருடம். ப்ரூம் கல்லறைகளில் பெரும்பாலானவை அந்த அறுபது வருடத்துக்குள் அடங்கும்.

இனி நம் கரை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. முன்பு தம் பிடித்து இறங்கினார்கள். ஒரு மூச்சில் போய்வருகிறவருக்கு இந்த நோய் வருவது அபூர்வம். இப்போது டயருக்குக் காற்றடிக்கும் வகைக் கம்ப்ரசரைப் படகில் ஏற்றி, குழாயை வாயில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருக்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்குக் கரையில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறார்கள். இரண்டு கரையிலும் இடுப்புக்குக் கீழே உணர்வு போன இளைஞர்கள் இருக்கிறார்கள். அழுத்த அறை உள்ள மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இல்லை.

ஆக்சிஜன் கிடைக்கும். 2021 கொரோனா அலைக்குப் பிறகு சிலிண்டர் என்றால் என்னவென்று தெரியாத குடும்பம் இங்கே குறைவு. ஓர் ஆள் தூக்கக்கூடிய ‘பி டைப்’ சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம் வரும். மூக்கில் செருகும் மெல்லிய குழாய் இதற்குப் போதாது. சுற்றியுள்ள காற்றும் கலந்து, நைட்ரஜன் திரும்ப உள்ளே போகும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீசலும் கிரீஸும் தோய்ந்த கையால் சிலிண்டர் வால்வைத் தொடக்கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனில் எண்ணெய்ப் பசை பட்டால் தானே தீப்பிடிக்கும். ப்ரூமைப் பார்த்துத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் எடுக்கவும் முயலக்கூடாது. 9 மீட்டரில் அதன் அழுத்தம், பொழுதுபோக்கு டைவிங்கில் எல்லையாக வைத்திருக்கும் அளவைத் தாண்டிவிடும். பயிற்சியும் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத இடத்தில் வலிப்பு வந்தால் வாயிலிருக்கும் குழாய் நழுவும், மூழ்குவார். படகில் உட்கார்ந்து சுவாசிப்பதற்கு அந்த ஆபத்து இல்லை.

பொழுதுபோக்கு டைவிங் பயிற்றுநர்கள், மெதுவாக ஏறி 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றாலே போதும், ஆக்சிஜனை அவசரத்துக்கு வையுங்கள் என்பார்கள். ஒரு நாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் இறங்குகிற சுற்றுலாப் பயணிக்கு அது சரிதான். மணிக்கணக்கில் அடியில் இருப்பவருக்கு அது போதாது.

என்னை அரித்துக்கொண்டிருக்கும் கவலை வேறு. ஆக்சிஜன் உண்டாக்கித் தரும் பாதுகாப்பை யார் சாப்பிடப் போகிறார்கள்? எண்ணிக்கைக்குக் கூலி என்கிற தொழிலில், மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் கடலடிக்கே திரும்பிப் போகும். பத்து நிமிடம் பாதுகாப்புக் கூடினால் பத்து நிமிடம் கூடுதலாகக் குளிக்கச் சொல்வார்கள். சொல்லவும் வேண்டாம், குளிப்பவரே இறங்குவார். வீட்டில் கடன் இருக்கிறது, படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் இருக்கிறது. “அதான் ஆக்சிஜன் இருக்குல்ல, இன்னொரு தடவை பார்த்துட்டு வா” என்ற ஒரு வார்த்தை போதும். கடற்படைகளிலும் ஆக்சிஜனை வைத்து ஏறும் நேரத்தைச் சுருக்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே மேலே ஒருவர் கடிகாரத்தோடு நிற்கிறார், பக்கத்தில் அழுத்த அறை இருக்கிறது, மூழ்குநருக்கு மாதச் சம்பளம் வருகிறது. இந்த மூன்றும் இல்லாத படகுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்தால், சிலிண்டரே இன்னும் ஆழத்துக்கு அனுப்பும் சீட்டாகிவிடும்.

இதைவிடப் பயங்கரமானது, வலி தணிவது. தோள் மூட்டில் குத்தல், காலில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு. இருபது நிமிடம் ஆக்சிஜன் எடுத்ததும் விட்டுவிடலாம். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார். இரவில் அது திரும்பி வரலாம். சிறுநீர் இறங்காமல் போவது முதுகுத்தண்டு அடிபடுவதன் அடையாளம். அதைத் தூக்கக் கலக்கத்தில் பொருட்படுத்தமாட்டார், வெட்கத்தில் சொல்லவும்மாட்டார். விடிவதற்குள் கால் போயிருக்கும். வலி நின்றாலும் ஆக்சிஜனை நிறுத்தாமல், அதோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஆகவே சிலிண்டரைப் படகில் ஏற்றுமுன் சங்கத்திலோ ஊர்க் கூட்டத்திலோ இரண்டு விஷயம் முடிவாகட்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்ற கணக்கை ஆக்சிஜன் இல்லை என்றே வைத்துப் போட வேண்டும். உடம்பில் ஏதாவது தெரிந்து முகமூடி மாட்டியவருக்கு அன்றைய குளிப்பு அத்தோடு முடிந்தது, கூலி மட்டும் முழுதாக. கூலி நிற்கும் என்றால் யாரும் வலியை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கூடவே படகில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எத்தனை பாகம், எத்தனை முறை, கடைசியாக மேலே வந்த நேரம், எது முதலில் வலித்தது, முகமூடி மாட்டிய நேரம் ஆகியவற்றை எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். அழுத்த அறை மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். அப்போது பதில் சொல்லும் நிலையில் நோயாளி இருக்கமாட்டார்.