எல்எக்ஸ்ஆர்: கொலஸ்டிராலும் மார்பகப் புற்றும்

கொலஸ்டிரால் இல்லாமல் நம் உயிரணுவுக்கு உறை கிடையாது. மிஞ்சினால் அதுவே நஞ்சு. இந்த அளவைக் கவனிக்கும் புரதங்களுள் முக்கியமானது எல்எக்ஸ்ஆர் என்னும் உட்கரு ஏற்பி. ஆல்ஃபா, பீட்டா என இரு வகை உண்டு. இது கொலஸ்டிராலை நேரடியாகப் பிடிப்பதில்லை. கொலஸ்டிரால் பெருகும்போது அதிலிருந்து உண்டாகும் ஆக்ஸிஸ்டெரால்களைப் பிடிக்கிறது. இது 1996இல் தெரியவந்தது. ஆக்ஸிஸ்டெரால்கள் வந்து பொருந்தியதும் சில மரபணுக்கள் விழிக்கின்றன. மிகுதியான கொலஸ்டிராலை வெளியே தள்ளும் புரதங்கள் கூடுகின்றன, உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பிகள் குறைகின்றன.

வேகமாகப் பிரியும் புற்றணுவுக்குப் புதிய உறைகள் வேண்டும், அவற்றுக்குக் கொலஸ்டிரால் வேண்டும். அப்படியானால் இருப்பைக் குறைக்கும் எல்எக்ஸ்ஆர் புற்றுக்குக் கடிவாளமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆய்வகத்தில் வளர்த்த மார்பகப் புற்றணுக்களில் அதைத் தூண்டியபோது பெருக்கம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் 2013இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் மெக்டானல் குழு எலிகளில் வேறொன்றைக் கண்டது. 27-ஹைட்ராக்ஸிகொலஸ்டிரால் என்னும் ஆக்ஸிஸ்டெரால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலும் பொருந்திக் கட்டியை வளர்த்தது. எல்எக்ஸ்ஆர் வழியாகக் கட்டி பரவவும் அது துணைபோனது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத மும்மை எதிர்மறைப் புற்றிலோ, எல்எக்ஸ்ஆர் தூண்டும் வெளியேற்றுப் புரதம் ஒன்று கீமோ மருந்தையே அணுவுக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். கொலஸ்டிராலைத் தள்ளக் கற்ற அணு மருந்தையும் தள்ளுகிறது. ஆகவே இந்த ஏற்பி நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பிழை. எந்த அணுவில், எந்த மூலக்கூறு அதைத் தொடுகிறது என்பதே கேள்வி.

கொழுப்பைக் குறைத்து உண்டால் போதாதா என்று கேட்கலாம். உடலின் கொலஸ்டிராலில் பெரும்பங்கை உடலே செய்துகொள்கிறது. இரத்தக் கொலஸ்டிராலுக்கும் மார்பகப் புற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றி மக்களிடையே நடந்த ஆய்வுகள் ஒரே விடை தரவில்லை. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை? 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், சிம்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டினை உண்ட மார்பகப் புற்று நோயாளிகளிடம் புற்று திரும்பி வருவது குறைவாக இருந்தது. அந்த நம்பிக்கையை ஒதுக்கக் கூடாது. ஆனால் அது மருந்து உண்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு, சோதனை முடிவு அன்று. அதை நம்பிச் சிகிச்சையைக் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. எல்எக்ஸ்ஆரை மருந்தால் முழுக்க அடக்கிவிடலாமா? இரத்தக் குழாய்களில் கொழுப்பு படியாமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு. சரி, தூண்டிவிடலாமா? கல்லீரலில் கொழுப்பு சேரும். கட்டியின் வகையைப் பார்த்து, உரிய அணுவில் மட்டும் கைவைக்கும் மருந்தே இங்கு வேண்டியது. நோயாளிக்கு நேர்மையாகத் தரக்கூடிய நம்பிக்கையும் அந்த நிதானமான தேடலில்தான் இருக்கிறது.